நான்காக மடித்த உறை

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் என்னைக் கிருஷ்ணகிரியில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அப்பாவும் அம்மாவும் ஓசூரில் வெவ்வேறு தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்த்தார்கள். விடுமுறையில் பகல் முழுவதும் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. சித்திக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஊருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இயக்கும் வேலை. காலையில் அவருடன் போய் மாலையில் அவருடனே திரும்புவது என்று ஏற்பாடு.

முதல் நாளே முதலாளி என்னைப் பார்த்துவிட்டார்.

"ஆபீஸ்ல பசங்களெல்லாம் வேணாம்மா" என்றார். சித்தி என் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். "சரி, ஒக்காரட்டும். ஆனா மிஷின்ல கை வெக்கக் கூடாது. வெச்சுதுன்னு தெரிஞ்சா அடுத்த நாளு கேட்டுக்கு அந்தாண்டதான்."

அந்த மிஷின், அதாவது சித்தியின் கம்ப்யூட்டர், இப்போது பார்க்கிற மாதிரி இல்லை. திரை, உள்ளிருக்கும் சர்க்யூட் பலகைகள், பிளாப்பி போடும் வாய் எல்லாம் ஒரே பெட்டிக்குள். சின்ன டிவி அளவில், டிவியைவிடக் கனமாக இருக்கும். அதன் தலையில் வரிசையாக நீளத் துளைகள். அவை அழகுக்காக வைத்தவை என்று நான் நினைத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் உறை தைத்துப் போடாத பொருள் கிடையாது. டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, ரேடியோவுக்கு உறை. மாம்பழ சீசனில் அலுவலகம் முழுக்க ஈ மொய்க்கும் என்று சித்தி சொன்னதும், அம்மா இந்த மிஷினுக்கும் பூப்போட்ட கெட்டித் துணியில் பஞ்சு வைத்து ஓர் உறை தைத்து அனுப்பியிருந்தார். காலையில் அந்த உறையை எடுத்து மடித்து வைக்கும் வேலையை மட்டும் சித்தி எனக்குக் கொடுத்தார். துணியைத் தொடுவது மிஷினைத் தொடுவதாகாது என்பது எங்கள் இருவரின் கணக்கு.

மீதி நேரத்துக்கு எனக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

"9.10 உறையை எடுத்தேன். நான்காக மடித்து மேலே வைத்தேன். 9.52 படம் சுருங்கியது. 9.54 நின்றது."

அப்படித்தான் தொடங்கியது. திரையில் எழுத்துகள் நடுங்கும், படம் நான்கு பக்கமும் சுருங்கும், பிறகு இருட்டு. அரை மணி விட்டால் திரும்ப உயிர் வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி போகும். கூழ் டிரம்களுக்கு ஒட்டும் சீட்டு அதில்தான் அச்சாக வேண்டும். சீட்டு இல்லாமல் லாரி நகராது. வெளியே டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள், உள்ளே சித்தி கையால் சீட்டு எழுதுவார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். உடன் வேலை செய்பவர்கள் கன்னடக்காரர்கள் என்பதால் மிஷின்களிடமும் கன்னடத்தில்தான் பேசுவார். ஞாயிறு மட்டும் பக்கத்து வீட்டுப் பாட்டி எண்ணெய்க் குளியல் செய்துவிடுவார் என்பதால் நான் வீட்டில் இருந்துவிட்டேன். மாமா பெட்டியைத் திறந்து, தூசி ஊதி, பலகைகளை உருவி, அவற்றின் முனைகளை என் அழிரப்பரால் துடைத்து மாட்டினாராம். மாலைவரை மிஷின் நிற்கவே இல்லை. திங்கட்கிழமை 9.56க்கு நின்றது.

அடுத்த ஞாயிறும் நான் வீட்டில் இருக்க, மாமா வந்தார். மின்சாரம் ஏறி இறங்குகிறதா என்று அளந்தார், உள்ளிருந்த விசிறியை மாற்றினார். அன்றும் நன்றாக ஓடியது. திங்கள் 9.58.

"இன்னொரு தடவ நின்னுச்சுன்னா மிஷினும் வேணாம், அதுக்குன்னு ஒரு ஆளும் வேணாம்" என்றார் முதலாளி.

செவ்வாய்க்கிழமை மாமா விடுப்புப் போட்டுவிட்டு எங்களோடு அலுவலகத்துக்கு வந்தார். இந்த முறை பையைத் திறக்கவில்லை. நாற்காலியை மூலையில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் வழக்கம்போல உறையை எடுத்து, ஓரங்களைச் சரிபார்த்து நான்காக மடித்து, மிஷினின் தலையில் பொருந்த வைத்தேன். ஒன்பது ஐம்பத்து மூன்றுக்குப் படம் சுருங்கியது.

"ஏனாய்த்து நினகே?" என்று, உனக்கு என்ன ஆச்சு என்பதை மிஷினிடம் கன்னடத்தில் கேட்டபடி எழுந்து வந்தவர் உறையைத் தூக்கினார். "ஏ, இட்லித் துணி கணக்கா கொதிக்குது! இது மூச்சு வுடுறதே மேலதான். மூக்கப் பொத்தி வெச்சிட்டு வேல செய்யச் சொன்னா?" என்னைப் பார்த்தார். "பாப்பா, தெனமும்..."

முதலாளி உள்ளே வந்துவிட்டார். திரை இருண்டிருந்தது.

"மிஷின்ல ஒண்ணும் இல்லீங்க சார்" என்று சித்தி எழுந்து நின்றார். "நாந்தான் ஒறைய மடிச்சு மேல வெச்சிட்டு இருந்தேன். சூடு போவ வழியில்லாம நின்னுடுச்சு. என் தப்புதான்."

"இல்ல சித்தி, அது நான்..."

"நீ போய் மாமாவுக்குத் தண்ணி கொண்டா."

நான் நகரவில்லை. மாமா என் தோளைப் பிடித்துத் திருப்பிக் கதவுப் பக்கம் அனுப்பினார்.

"படிச்ச புள்ளன்னு வேலைக்கு வெச்சேன்" என்ற முதலாளியின் குரல் நடைபாதைவரை கேட்டது. "சாயந்தரம் வரைக்கும் ஓட்டிக் காட்டு. நின்னுச்சு, நீயும் கெளம்பிடு."

உறை ஆணியில் தொங்கியது. அரை மணி ஆறவைத்துப் போட்ட மிஷின் அதன்பின் மாலைவரை நிற்கவில்லை. மூன்று லாரிகள் கிளம்பின. சித்தியின் வேலை நிலைத்தது. கூடவே ஒரு பெயரும் நிலைத்தது. சீசன் முடியும்வரை பழம் வெட்டும் பெண்கள் அவரை "போர்வ மேடம்" என்றுதான் கூப்பிட்டார்கள். "மேடம், இன்னிக்கி மிஷினுக்குக் குளுருதாம், போத்தி வுடு" என்பார்கள். சித்தியும் சேர்ந்து சிரிப்பார்.

எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. கோபம்தான். மடித்தது நான், வைத்தது நான், நேரத்தோடு எழுதி வைத்திருப்பதும் நான். ஒருவர் பேச்சுக்கும் நோட்டுக்கும் இப்படி முரண்பாடு இருக்கலாமா? மாலைப் பேருந்தில் சிவப்பு மையில் எழுதினேன்: "உறையை மேலே வைத்தது நான். சித்தி முதலாளியிடம் சொன்னது தவறான தகவல்." நோட்டைச் சித்தியிடம் நீட்டினேன்.

அவர் இரண்டு முறை படித்தார். என் பேனாவை வாங்கி, அலுவலகப் பதிவேட்டில் போடுவதுபோல அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

"சரியாத்தான் எழுதியிருக்க. இந்த நோட்ட மட்டும் ஆபீசுக்கு எடுத்தாராத."

மறுநாளும், பள்ளி திறக்கும்வரை எல்லா நாட்களும், நான் கேட்டுக்கு உள்ளேதான் இருந்தேன். புதிய நோட்டில் எழுதினேன். அதன் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "நேற்று நான் திருத்திய பிழையைச் சித்தி ஒப்புக்கொண்டார். இனி கவனமாக இருப்பார் என்று நினைக்கிறேன்."