இரண்டு புள்ளி

என் பெரியம்மாவிடம் ஒரு பொருளைக் காட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. நான் ஆசை ஆசையாக வாங்கிய சோபாவைப் பார்த்து, "ஒரு கால் ஆடுது" என்று சொல்லிவிட்டுப் போனவள் அவள். ஆடத்தான் செய்தது.

மீன்பிடி ரீல் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கடைசி மேசை அவளுடையது. தூண்டில் கம்பில் மாட்டி நூலைச் சுற்றுகிற அந்தச் சின்ன இயந்திரம், பெட்டிக்குள் போகுமுன் அவள் கைக்கு வரும். கைப்பிடியைச் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்பாள். சரியென்றால் அடிப்பாகத்தில், வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் கூர்முனை ஆணி ஒன்றை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு. ஒரு புள்ளி விழும். குறை இருந்தால் இரண்டு. இரண்டு புள்ளி ரீல் கடைக்குப் போகாது. தொழிலாளிகளே பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். மேலாளரே வந்து நின்றாலும் புள்ளி மாறாது. அங்கே அவளுக்குப் பெயரே புள்ளியம்மா.

தொழிற்சாலையை மூடி இருபது வருடமாகிறது. போன ஞாயிறு காலை, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அவளைத் தேடி வந்தார். பழைய ரீல்களைச் சேகரிக்கிறவர்கள் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரிக்கிறார்களாம். எண்ணுக்கும் எழுத்துக்கும் அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்கள், புள்ளிதான் புரியவில்லை. இரண்டு புள்ளி என்றால் அபூர்வமான தனி ரகம் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

"தனி ரகமாவது ஒண்ணாவது. கழிச்சுக் கட்டினது அது" என்றாள் பெரியம்மா.

வந்தவர் முகம் வாடிவிட்டது. கைக்குட்டையைப் பிரித்து ஒரு ரீலை மேசைமேல் வைத்தார். இரண்டு புள்ளி. "அப்போ இதுல என்ன குறைம்மா? எங்கப்பாவோடது. அவரும் அங்கதான் லேத்துல இருந்தார். போன வருசம் தவறிட்டார்."

பெரியம்மா கண்ணாடியைப் போட்டு எண்ணைப் படித்தாள். அவ்வளவுதான். ரீலைச் சுற்றவில்லை, காதில் வைக்கவில்லை. "காபி போட்டு எடுத்துட்டு வா" என்று என்னை விரட்டப் பார்த்தாள். நான் அசைவேனா?

"உங்கப்பா கை அவ்வளவு சுத்தம்" என்றாள் கடைசியில். "நூல் சுத்துற உருளைய அவர் கடைஞ்சா குறையே வராது. எட்டு மாசம் வந்து வந்து கேட்டார், ரெண்டு புள்ளி எதாவது இருக்கான்னு. 'நான் ஒழுங்கா வேலை பாத்தா எனக்கே ரீல் கிடைக்காது போல'ன்னு சிரிப்பார். வேற ஊருக்கு வேலை கிடைச்சுப் போற அன்னிக்கும் வந்து கேட்டார். அன்னிக்கும் மேசையில இருந்தது எல்லாமே நல்ல ரீல்."

உருளையில் ஒரு கீறல் இருந்தது என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். உண்மையைச் சொன்னால் பட்டியலில் ஏறும். அப்புறம் அவள் அடித்த புள்ளி ஒவ்வொன்றையும் சந்தேகிப்பார்கள். அந்தப் பெயர் ஒன்றுதான் முப்பத்தொரு வருடத்தில் அவள் சம்பாதித்தது.

"இதுல குறையே இல்ல" என்றாள். "பொய்யா அடிச்சேன். இது ஒண்ணுதான். எழுதிக்குங்க."

அவளுக்கு அந்த லேத்துக்காரரைப் பிடித்திருந்தது. இதை அவள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எழுபத்தைந்து வயதில் இன்னும் என்ன மறைக்க வேண்டியிருக்கிறது?

வந்தவர் பேனாவை எடுக்கவே இல்லை. "வாராவாரம் இதைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காருவாரும்மா. எங்க குறைன்னு தேடுவார். யாரோ தப்பா அடிச்சிருப்பாங்க, விடுப்பான்னு ஒரு தடவை சொல்லிட்டேன். வந்துச்சே கோபம். 'அந்தப் பொண்ணு தப்பா அடிக்காதுடா, எனக்குத்தான் கண்ணு பத்தல'ன்னுட்டார்."

பெரியம்மா ரீலை எடுத்துக் கைப்பிடியை மெதுவாகச் சுற்றினாள். காதருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தாள்.

"இத்தனை வருசம் தேடினதுக்கு" என்றாள், "ஒரு தடவை என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்."