கோட்டாற்று ஜவுளிக்கடைக்காரர் சொன்ன சாட்சி

1932 என்று நினைவு. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. பினாங்குக்குப் பிழைக்கப் போன என் கணவர் அங்கே ஜெயிலில் கிடந்தார். ரப்பர் தோட்டமொன்றில் ஒருவரைக் குத்திக் கொன்றுவிட்டு ஓடியவனுக்கும் இவருக்கும் ஒரே பெயர், ஒரே ஊர்ப்பக்கம். கொலை நடந்து சில வருஷம் கழித்துத்தான் இவர் கப்பலே ஏறினார். யார் நம்பினார்கள்? முன்பே ஒரு தடவை வந்து போனவன் என்று சாதித்துவிட்டார்கள்.

கொலை நடந்த தேதியைக் கேட்டதும் எனக்குப் பிடிபட்டது. என் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அது. கல்யாணப் புடவை வாங்க இவரைக் கோட்டாற்று ஜவுளிக்கடைக்கு அனுப்பியிருந்தேன். சாயங்காலம் ஈரத்தலையோடு கையை வீசிக்கொண்டு வந்து, கடை அடைத்திருந்தது என்றார். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். வந்திருந்த சொந்தக்காரர் முன்னாலேயே மனுஷனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன்.

மனைவி சொல் எடுபடாது, வெளியாள் சாட்சி வேண்டும் என்றார்கள். அந்த ஜவுளிக்கடைக்காரரையே கேள் என்று இவர் ஜெயிலிலிருந்து எழுதினார். கடையை அடைத்துப் போட்டிருந்தவருக்கு என்ன தெரியப்போகிறது என்று அலுத்துக்கொண்டேதான் போனேன். தேதியைச் சொன்னதும் அந்த முஸ்லிம் பெரியவரின் முகம் மாறியது. "வாறேன் மக்ளே" என்றார்.

பினாங்கு கோர்ட்டார் கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தார்கள். இங்கே கமிஷனராக நியமிக்கப்பட்ட வக்கீல் தம் ஆபீசில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை எழுதினார். நான் கைக்குழந்தையோடு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை வருஷம் கழித்து அந்தத் தேதி எப்படி நினைவிருக்கிறது என்று ஒரு கேள்வி. பெரியவர் தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்குத்தான் சாரே, என் மவனை அடக்கினது. ஒத்த மவன்." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சந்தூக்கு தெருவுல போவும்போ இந்தப் பிள்ளைக்க மாப்பிள வந்து தோள் குடுத்தாரு. எங்க கடையில துணி எடுக்குத ஆளு. அடக்கம் முடியுத வரைக்கும் நின்னாரு. பள்ளிவாசல் புத்தகத்துல தேதி கெடக்கு, பாத்துக்கிடுங்க."

சந்தூக்கு என்றால் பிரேதத்தைச் சுமந்து போகிற பெட்டி. கல்யாண வீட்டில் சாவுச் சேதி சொல்ல வேண்டாமென்று, குளித்துவிட்டு வந்து, என் ஏச்சையும் வாங்கிக்கொண்டு இவர் பேசாமல் இருந்திருக்கிறார். குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

புத்தகத்தைப் பார்த்துத் தேதியையும் எழுதி, முத்திரை வைத்துக் கப்பலில் அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் இவர் வீடு வந்து சேர்ந்தார். இரண்டு பேருமாகக் கோட்டாற்றுக்குப் போனோம். மகன் பேச்சை யார் எடுத்தாலும் முதலாளி எழுந்து போய்விடுவார், வீட்டில்கூடப் பேசியதில்லை என்று கடை ஆள்தான் எங்களிடம் மெதுவாகச் சொன்னார்.

அப்படிப்பட்டவரை நான் வக்கீல் முன்னால் பேச வைத்திருக்கிறேன். என் பிள்ளைகளின் அப்பா உயிரோடு திரும்ப வேண்டும் என்பதற்காக அந்த மனுஷர் தம் பிள்ளையை இன்னொரு தடவை அடக்கம் செய்தார். அந்தக் கடனோடுதான் இன்றைக்கும் ஜெபத்தில் முழங்கால் போடுகிறேன்.