மச்சாள் எங்கே தங்குவது?

லண்டன் மச்சாள் அடுத்த மாதம் கோப்பன்ஹேகன் பார்க்க வருகிறாள். எந்தப் பகுதியில் தங்கலாம் என்று கேட்டாள். நகரத்துக்கு வெளியே, நாங்கள் இருக்கும் அடுக்குமாடிப் புறநகரான இஷொயிலேயே அறை எடுத்தால் தினமும் அவளைப் பார்க்கலாம் என்று எனக்கு ஆசை.

இன்று காலை ரயிலில் பக்கத்து வீட்டு அண்ணையிடம் சொன்னேன்.

"விசரே உனக்கு? நகரத்துக்குள்ளை எடுக்கச் சொல்லு. இஷொய் முழுக்க வெளிநாட்டுக்காரர்."

"நீங்கள் எத்தினை வருசமா இங்கை இருக்கிறியள், அண்ணை?"

"முப்பது."

"அப்ப நாங்கள் ஆர்?"

"நாங்கள் வேறை, தம்பி. நாங்கள் வேலைக்குப் போற ஆக்கள்."

பெட்டியில் எங்களோடு இஷொயில் ஏறியவர்களைப் பார்த்தேன். துப்புரவுச் சீருடை, முதியோர் பராமரிப்பு நிலைய அட்டை, பாதித் தூக்கம். எல்லோரும் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் மச்சாளின் செய்தி வந்தது: "நகரத்துக்குள்ளையே எடுத்திட்டன். இஷொய்ப் பக்கம் தங்கவேண்டாம் எண்டு ஆரோ தமிழ் ஆள் ஒன்லைனிலை எழுதியிருக்கு."

எழுதியவர் இஷொயில் எத்தனையாம் மாடியில் இருக்கிறார் என்று யாருக்காவது தெரியுமா?