இரண்டு துளைகளுக்குப் பொருந்தும் ஹெல்மெட்

பள்ளி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த தமிழ் டீச்சர், "மிஸ், செருப்ப விட்டுட்டுப் போறீங்க" என்றார். திரும்பிப் பார்த்தால் என் இடது கால் செருப்பு பத்தடி தள்ளிக் கிடந்தது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. பயந்திருக்க வேண்டும், எனக்கோ கோபம்தான் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

அதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே தலைவலி. கண்ணாடியை மாற்றினேன், காபியை நிறுத்தினேன், மருந்துக்கடை மாத்திரைகளை விழுங்கினேன். தலையைத் தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகப்பட்டேன்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "சமீபத்துல எங்கயாவது விழுந்தீங்களா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே மறந்துபோயிருந்தது. பக்கத்தில் இருந்த என் கணவர் அருள்தான், "சைக்கிள்ல இருந்து விழுந்தாளே, ரெண்டு மாசம் இருக்கும்" என்றார்.

சர்க்கரைக்காக சைக்கிள் ஓட்டத் தொடங்கியவள் நான். வயது ஐம்பத்திரண்டு. சனிக்கிழமை காலைகளில் கே.கே. நகரிலிருந்து கீழக்குயில்குடி வரை போய், மலையடியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். அன்று அந்த ஊர் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறி உளுந்து உதிர்ந்துவிடும் என்பது கணக்கு. ஓரமாக இறங்கி உருட்டிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு எதிலும் பொறுமை கிடையாது. மேலேயே ஏற்றினேன். செடி செயினில் சுற்றிக்கொண்டது, வலது பக்கமாகச் சாய்ந்தேன். நெற்றியோரம் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் தடவியதும் மறந்துபோனேன்.

"ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?"

"சைக்கிளுக்கா?" என்று டாக்டரிடமே திருப்பிக் கேட்டேன். ஸ்கூட்டர் ஹெல்மெட் வீட்டில் இரண்டு இருந்தன. அவை போலீஸ் நிற்கும் இடங்களுக்கானவை.

எனக்கு வந்திருந்தது சப்டியூரல் ஹீமடோமா (மூளைக்கும் அதன் வெளி உறைக்கும் நடுவே தேங்கும் இரத்தம்). சின்ன அடியிலும் மெல்ல மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்துத்தான் சிலருக்கு வெளியே தெரியுமாம். மறுநாளே பர் ஹோல் சிகிச்சை (மண்டையோட்டில் துளையிட்டு இரத்தத்தை வடிப்பது) செய்தார்கள். வலது பக்கம் இரண்டு துளைகள்.

இதே நிலையில் இருந்துகொண்டு இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சையை நான் தாங்கிவிட்டேன். அதற்குப் பிறகான ஓய்வைத்தான் தாங்க முடியவில்லை. படுத்தால் எழத் தோன்றும், எழுந்தால் தலை கனக்கும். ஒரு வேலையும் செய்யாமல் ஒரு நாள் முழுக்கக் களைத்துப்போக முடியும் என்று அப்போதுதான் கற்றேன். பாதி மழித்த தலை பார்க்கச் சகிக்காமல் முழுவதும் எடுத்துவிட்டேன். எதிர்வீட்டு அக்கா, "வேளாங்கண்ணிக்கு மொட்டையா டீச்சர்?" என்று கேட்டபோது ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். விளக்கம் சொல்லும் தெம்பு இல்லை. உண்மை என்ன என்று அந்த வேளாங்கண்ணி மாதாவிடமே கேட்டால் என் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடுவாள்.

இடது கால் ஆறே வாரத்தில் சரியானது. நான்காவது மாதம், மறு ஸ்கேனையும் பார்த்துவிட்டு, "ஹெல்மெட்டோட மெதுவா ஓட்டலாம்" என்றார் டாக்டர். இது எனக்குச் சொன்னது. உங்கள் டாக்டர் சொல்லாமல் நீங்கள் ஏறாதீர்கள்.

அருளுக்கு அது பிடிக்கவில்லை. "பார்க்குல நடந்தாப் பத்தாதா? இம்புட்டுப் பட்டும் சைக்கிளு கேக்குதா?" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. என் பயம் வேறு. இப்போது ஏறாவிட்டால் இந்த வீட்டில் நான் கடைசிவரை நோயாளியாகவே இருந்துவிடுவேன்.

அவரை அழைத்துக்கொண்டே சிம்மக்கல் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். தழும்பு படும் பயத்தில், இறுக்கமாக இருந்ததையெல்லாம் ஒதுக்கினேன். எங்கள் வீட்டில் எதையும் ஒரு அளவு பெரிதாக வாங்குவதுதான் வழக்கம். பள்ளிச் சீருடையாகட்டும், செருப்பாகட்டும், வளர்ந்தால் பத்தும், துவைத்தால் சுருங்கும். "இது லூசா இருக்குமேக்கா" என்றார் கடைக்காரர். "இருக்கட்டும்ணே, காத்துப் போகும்" என்று பெரியதையே எடுத்தேன். உள்ளே வலது பக்கம் கைக்குட்டையை நாலாக மடித்து வைத்தேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனைக்கு அதைப் பெருமையாகக் கொண்டுபோனேன். டாக்டர் என்னைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, ஹெல்மெட்டைப் பிடித்து மெல்லத் திருப்பினார். என் தலை அப்படியே இருக்க, அது மட்டும் காது வரை திரும்பியது. கைக்குட்டை மடியில் விழுந்தது.

"விழும்போது இது ஒரு பக்கம் போகும், உங்க தலை ஒரு பக்கம் போகும். ஐம்பத்திரண்டு வயசுல தலை இனிமே வளரவா போகுது?"

அருள் சிரித்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. தழும்பைக் காப்பாற்றப் போய்த் தலையையே விட்டுவிடப் பார்த்தேனே என்ற வெட்கம்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எடை குறைவாக இருக்க வேண்டும். கனமானதைப் போட்டால் கழுத்து வலித்து, இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிடுவோம். காற்றுத் துளைகள் வேண்டும், மதுரை வெயிலுக்கு அது முக்கியம். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம். தாடை வாருக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். உள்பஞ்சு தழும்பின் மேல் அழுத்தாமல் விலகி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

அதே கடையில், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஏழு ஹெல்மெட்டுகள் போட்டுப் பார்த்தேன். எட்டாவது வெள்ளை நிறத்தில் இருந்தது, கையில் எடுத்தால் காலிப் பாத்திரம் போல லேசாக. பஞ்சு தழும்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. வீட்டில் அதைப் போட்டுக்கொண்டே காய் நறுக்கினேன், விடைத்தாள் திருத்தினேன். ஒரு மணி நேரம் கழித்தும் வலிக்கவில்லை.

சனிக்கிழமை காலை வாசலில் ஹெல்மெட்டைப் போட்டதும் அதை இறுக்கும் பின்பக்கத் திருகு கைக்குப் பிடிபடவில்லை. அருள் வந்து பின்னால் நின்றார். திருகுவதற்கு முன், ஓட்டைகளின் வழியே விரலை விட்டுத் தழும்பைத் தேடினார். இத்தனை மாதமாக அவர் என் தலையைத் தொட்டதே இல்லை. தொட்டால் உடைந்துவிடுவேன் என்று நினைத்தாராம்.

"இந்த இடமா?"

"ம்."

"வலிக்குதா?"

"இல்ல."

திருகினார். "தெரு முனை வரைக்கும்தான்" என்றார்.

இந்தத் தெருவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். ஒருநாளும் அதன் நீளத்தைக் கவனித்ததில்லை. எப்போதும் அடுத்த தெருவில் என் மனம் இருக்கும். அன்று ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகக் கடந்தேன். இடது கால் மிதிப்பது தெரிந்தது, வலது கால் மிதிப்பது தெரிந்தது. இத்தனை வருடம் அவசரத்தில் பாதி நேரத்தைத் தின்றிருக்கிறேன். முனையில் இறங்கி, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அருள் விட்ட இடத்திலேயே நின்றிருந்தார். போதும், உள்ளே வா என்பார் என்று நினைத்து பிரேக் பிடித்தேன்.

அவர் வாரை ஒருமுறை சரிபார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ போயிட்டு வா" என்றார்.