முடி கொட்டுவது நின்றுவிட்டது

பெரியநாயகிக்கு வாய் கொஞ்சம் நீளம். விடியற்காலையில் மலாக்கா செங் தொழிற்பேட்டைக்குப் போகிற ஃபேக்டரி வேனில் அவள் ஏறிவிட்டால் அப்புறம் யாரும் கண்ணசர முடியாது. டிரைவரே ரேடியோவை நிறுத்திவிடுவார். பேச்செல்லாம் ஷாம்பூ பேச்சுதான். முடி கொட்டாமல் தடுக்கும் அந்தப் பச்சை ஷாம்பூவைப் புட்டியில் அடைத்து மூடி திருகுவதுதான் அவள் வேலை. ஆனால் பேசும்போது பார்த்தால் அதைக் கண்டுபிடித்தவளே அவள்தான் என்று தோன்றும்.

பெருமைப்படாமல் என்ன செய்வாள்? அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பாதி ஆயுசு பால் மரம் வெட்டியவள். தோட்டத்தை விற்று மரத்தைச் சாய்த்தபோது, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, புருஷன் சிவசாமியும் ஒரே மகள் பவானேஸ்வரியுமாக தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்தாள். சிவசாமிக்கு ஜகா வேலை, ராத்திரிக் காவல்; கண் முழிப்பதும் பகலில் தூங்குவதுமாக அவன் காலம் ஓடியது. பெரியநாயகிக்கோ வெள்ளைத் தொப்பி, கையுறை, ஏர்கோன் போட்ட கூடம். கொசுக்கடி இல்லை, அட்டை இல்லை. அந்த வேலையும் அந்த ஷாம்பூவும் அவளுக்குச் சாமி கொடுத்த வரம்.

பவானேஸ்வரிக்குத் தாயின் வாய் இல்லை. அதற்குப் பதிலாக முடி இருந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கும் ஒற்றைப் பின்னல். டவுனில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். மஸ்ஜித் தானா ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் முதல் தடவை அந்தப் பின்னலைப் பார்த்தே பாதி சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "சவுரி இல்லையே?" என்று சிரித்தாள். பெரியநாயகிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தத் தீபாவளிக்குப் பிறகுதான் முடி கொட்ட ஆரம்பித்தது. சாதாரணமாகக் கொட்டவில்லை. சீப்பை எடுத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. குளித்துவிட்டு வந்தால் குளியலறைத் தண்ணீர் போகாமல் அடைத்துக்கொண்டு நின்றது. காலையில் எழுந்தால் மணிக்கட்டு வலிக்கிறது என்றாள் மகள். உட்கார்ந்தே எழுதினால் வலிக்காமல் என்ன செய்யும் என்றாள் தாய். வாயில் புண் என்றாள் மகள். சூடு என்று தாய் இளநீர் வாங்கிக் கொடுத்தாள். அலுப்பாக இருக்கிறது என்றாள் மகள். கல்யாணக் கனவு என்று தாய் கேலி செய்தாள். முடி ஒன்றுதான் பெரியநாயகியின் கண்ணை உறுத்தியது. அந்தப் பாழாய்ப்போன கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

முடிக்கு வைத்தியம் வீட்டிலேயே இருந்ததே! மூடி நெளிந்த புட்டி, லேபிள் கோணிய புட்டி என்று வேலையாட்களுக்குக் கொடுப்பதை எல்லாம் கொண்டு வந்து குளியலறையில் அடுக்கினாள். தானே மகளை உட்காரவைத்துத் தேய்த்துவிட்டாள்.

"குளுகுளுன்னு இருக்கா?"

"இருக்கும்மா."

"வேர்ல புடிக்குது பாத்தியா! இனிமே கவலைய விடு."

ஆனாலும் கொட்டியது. ஃபேக்டரியில் ஷாம்பூ கலக்கிற பகுதியில் ஃபிரெடி என்று ஒரு பையன். பையன் என்பது பெரியநாயகிக்குத்தான். கலியாணமாகிக் குழந்தை குட்டி உள்ளவன். ஒருநாள் கேண்டீனில் பசியாறும்போது அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அந்தப் பச்சை சாமானத்த இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா போட்டு ஒரு புட்டி தனியா தர்றியா? பிள்ளைக்கு முடி ரொம்பக் கொட்டுதுப்பா."

ஃபிரெடி ரொட்டியைக் கீழே வைத்தான். "அக்கா, ஸ்ட்ராங்கா போட அதுல என்ன இருக்குலா? சாதா வெள்ளை ஷாம்பூ கலக்கற அதே தேங்க்லதான் இதையும் கலக்கறோம். தண்ணி, நுரைச் சாமான், கெட்டியாவறதுக்கு உப்பு. அப்புறம் பொடுகு மருந்து கொஞ்சம். பொடுகால அரிச்சு, சொறிஞ்சு சொறிஞ்சு முடி விழுந்தா, அது கேக்கும். வைட்டமின் போடறோம், அது முடி மேல பூசிக்கிட்டு முடிய தடியா காட்டும். ஜின்செங் பேருக்கு ரெண்டு சொட்டு."

"குளுகுளுங்குதே?"

"அது மெந்தால். புண்ணுக்குத் தைலம் தேய்ச்சா குளுகுளுங்கல? அந்த மாதிரிதான். நம்ம கண்ணுக்குத் தெரியற முடி செத்த முடிக்கா. உயிரெல்லாம் தோலுக்கு அடியில வேர்ல இருக்கு. வேருக்குச் சோறு போடறது ரத்தம். நாம ரெண்டு நிமிஷம் தேய்ச்சு அலசிடறோம். சாமான் எல்லாம் சாக்கடைக்குப் போயிடுது. வேர் வரைக்கும் எங்க போவும்?"

அவன் நல்லெண்ணத்தில் மேலும் சொன்னான்.

"இன்னிக்கு விழற முடிக்கு ரெண்டு மூணு மாசம் முந்தியே உள்ளுக்குள்ள ஏதோ ஆயிருக்கும். ரத்தக் குறைச்சலா, தைராய்டா, வேற ஏதாச்சுமா, யாருக்குத் தெரியும்? கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா. ரத்தம் சோதிச்சுப் பாக்கட்டும்."

அவ்வளவுதான், அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என் மவளுக்கு நோயிங்கிறியா? கலியாணத்துக்கு நிக்கிற பிள்ளைய இப்படி நாலு பேரு முன்னால பேசறியே, உனக்கும் பொம்பளப் பிள்ளை இருக்குல்ல? திங்கற சோத்துக்கு விசுவாசம் இல்லாம கம்பெனி சாமானயே குறை சொல்றவன், நீ என்ன சொல்ல மாட்ட!" தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை.

அவளுக்குப் பிடித்தது விளம்பரப் பெண் சொன்ன பேச்சு. உதட்டுச்சாயமும் உயரச் செருப்புமாக ஒருநாள் ஃபேக்டரிக்கு வந்து, "முதல்ல பழைய முடி கொட்டும் ஆண்ட்டி, அப்பதான் புதுசுக்கு இடம் கிடைக்கும். கொட்டுனா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போனவள். தலையில் பூசி அப்படியே விட்டுவிடுகிற மருந்து ஒன்றுக்கு அந்தப் பேச்சு பொருந்தும் என்பார்கள். அலசிவிடுகிற ஷாம்பூவுக்கு அது சுத்தப் புளுகு. அந்தப் பொண்ணுக்கே அது தெரிந்திருக்குமோ என்னவோ. பெரியநாயகி அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கொட்டக் கொட்ட மகளுக்கு இன்னும் தேய்த்தாள்.

தேதி குறிக்க மஸ்ஜித் தானாக்காரர்கள் மறுபடி வந்தபோது, பவானேஸ்வரியின் வகிடு இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்துக் கிடந்தது. காதோரம் காசு அளவு சொட்டை. பூவை வைத்து மறைத்திருந்தும் மாப்பிள்ளையின் அம்மா கண்டுகொண்டாள். டீயைக் குடித்தார்கள், பலகாரத்தைத் தொடவில்லை. மறுவாரம் ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். முதலில் பார்த்தபோது சரியாக இருந்த ஜாதகம்! பவானேஸ்வரி அழவில்லை. "விடுங்கம்மா, எனக்கும் முடியல" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். எது முடியவில்லை என்று தாய் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்றைக்கு ராத்திரியே பெரியநாயகி வேண்டிக்கொண்டாள். செங் கோயிலில் மாசி மகம் வருகிறது. மகள் மொட்டை போட்டுப் பால்குடம் எடுப்பாள். இருக்கிற முடி முழுவதையும் சாமிக்கே கொடுத்துவிட்டால், அவர் புதுசாகக் கொடுக்காமலா போவார்?

தாமான் பெண்கள் எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வரும் என்று நம்பாதவர்கள் நம்மில் யார்? கத்தி தோலின் மேலேதான் ஓடுகிறது. வேரைத் தொடுவதே இல்லை. வளர்கிற முடி நுனி மழுங்கி முள்ளாகக் குத்துவதைத்தான் நாம் அடர்த்தி என்று தடவிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம்.

மாசி மகத்தன்று மழித்த தலையில் சந்தனம் பூசி, செருப்பில்லாமல், உச்சி வெயிலில் பவானேஸ்வரி பால்குடம் சுமந்து நடந்தாள். தார் ரோடு கொதித்தது. வழியில் இரண்டு முறை நின்றாள். "நட தாயி, நட" என்று தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டே பெரியநாயகி கூடவே வந்தாள். வந்திருந்த நோவுக்கு வெயில்தான் பெரிய விரோதி என்று அவளுக்கு யார் சொல்வது? நோவென்று ஒத்துக்கொண்டால்தானே யாரும் சொல்ல முடியும்.

அடுத்த வாரம் வேனில் பெரியநாயகி பழைய பெரியநாயகியாக இருந்தாள். "நின்னுடுச்சுடி! குளிக்கிற எடத்துல ஒத்த முடி கிடையாது. சீப்புல இல்ல, தலையணையில இல்ல. சாமியும் நம்ம ஷாம்பூவும் சேர்ந்து கைவிடல பாத்தியா!" பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அட பாவி மனுஷி, மொட்டைத் தலையில் கொட்டுவதற்கு என்ன இருக்கிறது? கூப்பாடு போட்டுக்கொண்டிருந்த ஒரே சாட்சியையும் கத்தி வைத்து வழித்துப் போட்டாயிற்று. அந்த வேனில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பவானேஸ்வரிக்குக் காய்ச்சல் வந்தது. மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலும் செக்கச்செவேலென்று தடித்தது. பக்கத்து வீட்டு மாரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தா வந்திருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மை என்று முடிவாகிவிட்டால் அப்புறம் டாக்டர் ஏது, மாத்திரை ஏது? வேப்பிலையில் படுக்கவைத்து, மோரும் கூழும் கொடுத்தார்கள். கொப்புளம் ஒன்றுகூட வரவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் சிவப்பு போகவில்லை. கால் வீங்கியது, முகம் வீங்கியது. "அம்மா, ஒண்ணுக்குப் போனா நுரையா வருதும்மா" என்று அவள் சொன்ன அன்றுதான் சிவசாமி, வாழ்க்கையில் முதல்முறையாகப் பெண்டாட்டியை அதட்டிவிட்டு, டாக்ஸி கூப்பிட்டான்.

மலாக்கா பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா நம் ஆள்தான். முகத்தைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், விரல் மூட்டுகளை அமுக்கினார். "முடி கொட்டுச்சா?" என்று கேட்டார்.

"கொட்டுச்சு டாக்டர். ஷாம்பூ போட்டு நின்னுடுச்சு" என்றாள் பெரியநாயகி முந்திக்கொண்டு.

"நிக்கல டாக்டர்" என்றாள் பவானேஸ்வரி. "மொட்டை போட்டுட்டாங்க. தீபாவளியிலேருந்து கொட்டுச்சு. கை வலி, வாய்ப்புண்ணு, எல்லாம் அப்பலேருந்தே."

லூப்பஸ் என்றார் டாக்டர். உடம்பைக் காக்கிற சக்தி உடம்பையே எதிரியென்று நினைத்துத் தின்கிற நோவு. முடிவேரைத் தின்னும், மூட்டைத் தின்னும், கிட்னியையும் தின்னும். இவளுக்குக் கிட்னி வரைக்கும் போய்விட்டது.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டாள் பெரியநாயகி.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "மருந்து இருக்கும்மா. முடி கொட்டறப்பவே வந்திருந்தா கிட்னிய காப்பாத்தப் பாத்திருக்கலாம். இப்ப முடிஞ்சத செய்யறோம்."

முடிந்ததைச் செய்தார்கள். மாத்திரையில் முகம் உப்பியது, நோவின் வேகம் தணிந்தது. இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். பெரியநாயகி ஆஸ்பத்திரிக்கும் ஃபேக்டரிக்குமாக அலைந்தாள். வேனில் ரேடியோ பாடியது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "இது நெசமாவே கேக்குமாக்கா?" என்று பச்சைப் புட்டியைக் காட்டிக் கேட்டபோது, "நுரை வரும். அழுக்குப் போவும். முடி கொட்டுனா டாக்டர்கிட்ட போ" என்றாள். ஃபிரெடி எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு கடந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவ்வளவு பேசின வாய்!

அடுத்த தீபாவளி வரவில்லை. அதற்குள் மார்பில் சளி கட்டி, எதிர்த்து நிற்கத் தெம்பில்லாத உடம்பில் கிருமி ஏறி, பவானேஸ்வரி ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போய்விட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசலில் துணி மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டினார்கள். எண்ணெயும் சீயக்காயும் வைக்கச் சொல்லி மாரியம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பெரியநாயகியின் முறை வந்தது. மகளின் தலையில் கைவைத்தவள், வைத்தபடியே நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் தலையில் கட்டியிருந்த துணியை மகள் அவிழ்க்கவே விட்டதில்லை. உள்ளங்கைக்கு அடியில் முடி இருந்தது. விரல் நீளத்துக்கு, கருகருவென்று, வகிடு தெரியாமல், காதோரத்துச் சொட்டையெல்லாம் மூடி. நோவை அடக்கிய மருந்தில் வேர் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

"வந்துடுச்சுடி" என்றாள் பெரியநாயகி. "மாரி, தொட்டுப் பாரேன். எம்புட்டு அடர்த்தி பாரு. வந்துடுச்சுடி!"

யாரும் பக்கத்தில் வரவில்லை. அவள் தேய்த்தாள். சீயக்காய் போகும்வரை தண்ணீர் ஊற்றி அலசினாள், மறுபடி ஊற்றினாள். போதும் அக்கா, நேரமாகுது என்று தோளைப் பிடித்து இழுத்தார்கள். புதுச் சேலையை எடுத்துக்கொண்டு பெண்கள் நெருங்கியபோது அவள் இரண்டு கையாலும் அந்தத் தலையை மறைத்துக்கொண்டாள்.

"இருங்கடி, துண்ட குடுங்க. தொவட்டிட்டுத் தர்றேன். பிள்ளைக்கு ஏற்கெனவே சளி."