நோன்பு வாயும் ஆட்டுக்கால் சூப்பும்

கீமோ ஊசிக்குப் பிறகு வாப்பாவுக்கு நாக்கும் மூக்கும் செத்துப்போயின. பாயசமும் ரசமும் அவருக்கு ஒன்றுதான். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, பழையது எதுவும் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உம்மாவும் தலையாட்டினாள். ஆட்டுக்கால் சூப்பு மட்டும் அவள் கணக்கில் பழையதில் சேராது.

அப்போது ரமலான். மேலப்பாளையத்து வீட்டில் எனக்கும் உம்மாவுக்கும் நோன்பு. நோன்பு திறந்தபின் உம்மா பெரிய சட்டியில் சூப்பு வைத்து, வாப்பாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, மீதியை மூடி அடுப்பிலேயே விட்டாள். சின்னப் பாத்திரங்களில் ஊற்றி, தண்ணீரில் வைத்து ஆற்றி, உடனே பிரிட்ஜில் வை என்றால் கேட்டால்தானே?

"சூட்டோட வச்சா பிரிட்ஜ் கெட்டுரும்ளா. ஐஸ்ல வச்சது நோயாளிக்கும் ஆகாது. நாளைக்கு ஒரு கொதி விட்டா எல்லாஞ் சரியாப் போகும்."

வெக்கையில் இரவெல்லாம் அது வெதுவெதுப்பாகவே கிடந்தது. மறுநாள் நான் வேலைக்குப் போனபின் திறந்து பார்த்திருக்கிறாள். ஓரத்தில் நுரை. கரண்டியில் லேசான கொழகொழப்பு. மோந்தால் மிளகும் சீரகமும்தான் மணத்தன. வாயில் வைத்துப் பார்க்க வழியில்லை, நோன்பு. கொதிக்க வைத்துக் கொடுத்து, "நல்லா இருக்கா?" என்று வாப்பாவிடமே கேட்டிருக்கிறாள். அந்த மனுஷனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது! "நல்லாத்தான் இருக்கு" என்று சொட்டு விடாமல் குடித்திருக்கிறார்.

நான் வந்தபோது வாந்தியும் பேதியுமாகத் துவண்டு கிடந்தார். கெட்டுப்போனதில் ஊறிய விஷம் சில சமயம் கொதித்தாலும் போகாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பெருநாள் பிறை தெரிவதற்குள் வாப்பா மவுத்தாகிவிட்டார்.

துக்கம் கேட்க முக்கூடலிலிருந்து வாப்பாவின் தங்கை வந்தாள். மனசு நல்லதுதான், வாய்தான் நீளம். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நாக்கு நுனியில தொட்டுப் பாத்துத் துப்பிருக்கலாமே மைனி. முழுங்காட்டா நோன்பு முறியாதுல்லா."

அவளைக் கையைப் பிடித்து வெளியே தள்ளலாம்போல ஆத்திரம் வந்தது எனக்கு. உம்மாவோ அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏளா, இது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது உம்மா" என்று பொய் சொன்னேன்.

இந்த ரமலானில் உம்மா எதைச் சமைத்தாலும் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு, முற்றத்துக்குப் போய்த் துப்பிவிட்டு வருகிறாள். சாப்பிட நாங்கள் இரண்டு பேர்தான்.