பூத்துப்போன ஹெட்லைட்

எங்கள் வண்டியின் இரண்டு ஹெட்லைட்டும் மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த டம்ளர் மாதிரி ஆகியிருந்தன. "லைட்டு பூத்துப் போச்சு, லைட்டு பூத்துப் போச்சு" என்று என் வீட்டுக்காரர் ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்தால் ரோடு தெரியவில்லையாம். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு மாட்டை இடிக்கப் பார்த்தாராம். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று வண்டை வண்டையாகத் திட்டினாராம். எல்லாவற்றுக்கும் ஹெட்லைட்தான் காரணம்.

எங்களுக்குச் சோறு போடுவதே அந்த வண்டிதான். ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி. ஒரு டிராவல்ஸ்காரருக்காக, ஷிப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து அவரவர் வீட்டு வாசலில் இறக்குவது அவர் தொழில். செகண்ட் ஷிப்ட் முடிந்து பெண்கள் ஏறும்போது ஒரகடம் ரோடு முழுக்க கன்டெய்னர் லாரிகளாக இருக்கும். எனக்கும் அதே ஷிப்ட் வருகிற வாரங்களில் நானும் பின் சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வீடு வந்து சேருவேன்.

நான் வேலை செய்வது ஒரு ஹெட்லைட் கம்பெனியில், இன்ஸ்பெக்‌ஷனில். வெள்ளை வெளிச்சத்துக்கு அடியில் நின்றுகொண்டு லென்ஸைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தூசி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, மங்கல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். நாள் முழுக்கப் பிளாஸ்டிக்கில் மங்கல் தேடுவதுதான் என் உத்தியோகம். அப்படிப்பட்டவள் வீட்டு வாசலில் இந்த லட்சணத்தில் இரண்டு லென்ஸ் நின்றால் மானம் போகாதா?

முதலில் அவரே யாரோ சொன்னார்கள் என்று பல் தேய்க்கிற பேஸ்ட்டை அப்பித் தேய்த்தார். தேய்த்த அன்று பளிச்சென்று இருந்தது. அடுத்த வாரமே பழையபடி மஞ்சள். "பேஸ்ட்டு வீணாப் போனதுதான் மிச்சம். லைட்டு இன்னா பல்லா, பேஸ்ட்டு வெச்சி வெளக்குறதுக்கு?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீதான் கம்பெனிக்காரியாச்சே, நீ பண்ணு பாக்கலாம்" என்றார்.

பண்ணுவதாகச் சொல்லிவிட்டேன். புது லென்ஸின் மேல் ஒரு மெல்லிய கோட்டிங் இருக்கும். வருஷக்கணக்கில் வெயில் அதைத் தின்றுவிட்டால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மஞ்சளாகும். மிச்சமிருக்கிற கோட்டிங்கை முழுசாகத் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே புதிதாக ஒன்று அடித்தால்தான் நிற்கும். பேஸ்ட் போட்டால் அழுக்குதான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் உட்கார்ந்தேன். பெயின்ட் கெடாமல் இருக்க லைட்டைச் சுற்றி டேப் ஒட்டினேன். நீல பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நைஸ், பிறகு அதைவிட நைஸ். மஞ்சள் தண்ணீர் வழிந்து, கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தண்ணீராக மாறியது. லென்ஸ் முழுக்கப் பால் பாட்டில் மாதிரி வெளுத்துவிட்டது.

டீ டம்ளரோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அடிப்பாவி, இன்னா பண்ணி வெச்சிகீற? முன்னியாவது கொஞ்சம் தெரிஞ்சுது!"

"பொறுமையா இருங்க. தேய்ச்சா அப்படித்தான் வெளுக்கும்."

"சாயங்காலம் இதை வெச்சிக்கினு நான் எப்படி ஓட்டுவேன்?" என்றார். குரல் உடைந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக்குக்கு இந்த மனுஷன் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பழைய பனியன் துணியில் பாலிஷ் வைத்துத் தோள்பட்டை கழன்று போகிற அளவுக்குத் தேய்த்தேன். மெல்ல மெல்ல உள்ளே இருக்கும் பல்பு தெரிந்தது. பிறகு அதன் பின்னால் இருக்கும் வெள்ளித் தகடும் தெரிந்தது. ஸ்ப்ரே கோட்டிங் அடித்துக் காயவிட்டேன். எங்கள் லைனில் அந்த இரண்டு லென்ஸையும் வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓகே போட்டிருப்பேன். எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவரை வண்டியில் ஏற்றிவிட்டேன். "தெருவுக்கு எடுத்துக்கினு போய் லைட்டப் போட்டுத் திரும்ப உள்ள வாங்க. அப்புறம் சொல்லுங்க, யாரு கம்பெனிக்காரின்னு."

நான் கேட் ஓரமாக, பக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். லைட் எரிந்ததும் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரின் கிழிசல்கூடத் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "புது வண்டியாட்டம் கீதேடி!" என்றார். வண்டி திரும்பி, வெளிச்சம் முழுக்க என் மேல் விழுந்தது. நான் மகாராணி மாதிரி கையை ஆட்டினேன்.

வண்டி நேராக என்னைப் பார்த்து வந்தது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். இன்னும் வந்தது. பக்கெட் படாரென்று உடைந்து தண்ணீர் என் கால் மேல் கொட்டியது. பம்பர் முழங்காலில் பட்டது.

"யோவ்! பிரேக்கு! பிரேக்கப் போடுய்யா!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரை யோவ் என்று கூப்பிட்டதில்லை. வண்டி குலுங்கி நின்றது. அவர் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, எனக்கு வலது பக்கம் எங்கேயோ பார்த்துக் கேட்டார்: "எங்க நிக்கிற நீ? லைட்டு எரியுதா இல்லியா?"

என் புடவையில் இருந்த சின்னச் சின்னப் பூவைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு வெளிச்சம். முழங்கால் வலி அப்போது தெரியவே இல்லை. பழுது விளக்கில் இல்லை என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஆனால் அதை வாயைத் திறந்து சொல்லப் பயமாக இருந்தது.

உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, "எத்தனை நாளா?" என்று கேட்டேன். முதலில் வெயில், தூக்கமில்லை, கண்ணாடியில் தூசி என்று என்னென்னவோ சொன்னார். நான் விடவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"பகல்ல எப்படியோ சமாளிச்சிடுவேன். பொழுது போனாத்தான் புகையடிச்சாப்ல கீது. முன்னாடி போற கன்டெய்னரோட செவப்பு லைட்டப் புடிச்சிக்கினே வந்துடுவேன். அது நின்னா நானும் நிப்பேன்."

"மெயின் ரோட்ட வுட்டு உள்ள திரும்புற வடக்குப்பட்டு ரோட்டுல ஏது கன்டெய்னர்? அங்க?"

"அங்க பொண்ணுங்க போன் பேசுமே. 'பாலத்தாண்ட வந்துட்டேம்மா', 'கோயில் தாண்டிட்டேம்மா'ன்னு வூட்டுக்குச் சொல்லும். அத்த கேட்டுக்கினே திரும்புவேன். ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் எனக்கு மனப்பாடம்."

அந்தப் பெண்கள் தூங்கிவிட்டால்? போனில் சார்ஜ் இல்லாமல் போனால்? இரண்டு பேருக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் வண்டி திரும்புகிறது என்று தெரியாமல் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் பின் சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறேன்.

கத்தினேன், அழுதேன். அவர் ஒரே பிடியாக நின்றார். "சும்மா பயப்படாத. டிராவல்ஸ்காரர் வெச்ச கேம்ப்புல கண்ணு நல்லா கீதுன்னு எழுதிக் குடுத்தாங்க. போர்டுல கடைசி வரி வரைக்கும் படிச்சேன். கண்ணு கெட்டவன் எப்படிப் படிப்பான்?"

ஒருவேளை வேறு ஏதாவது சின்னக் கோளாறாக இருக்குமோ, சொட்டு மருந்து விட்டால் சரியாகிவிடுமோ என்று எனக்கும் ஒரு நப்பாசை வந்தது. அன்றைய டியூட்டிக்கு வேறு டிரைவரைப் பிடித்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் அவரை பஸ்ஸில் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒரே பேச்சு: "டாக்டர் நல்லா கீதுன்னுட்டா சாயங்காலம் நான்தான் வண்டி எடுப்பேன். நீ வாயத் தொறக்கக் கூடாது."

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். ஒரு கண்ணை அட்டையால் மூடிக்கொண்டு எதிரே இருந்த போர்டை மேலிருந்து படிக்கச் சொன்னாள். நான் சுவரோரம் நின்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார். "ஈ. எஃப், பீ. டீ, ஓ, இசட். எல், பீ, ஈ, டீ..."

அது என் பாட்டு. எங்கள் கம்பெனி மெடிக்கல் ரூமில் தொங்கும் போர்டு அது. ஆறு மாசத்துக்கு ஒருமுறை கண் டெஸ்ட் வைப்பார்கள். தவறினால் இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து தூக்கி பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள். அதனால் லைனில் இருக்கும் பெண்கள் எல்லாரும் அதை ராகம் போட்டு மனப்பாடம் செய்து வைத்திருப்போம். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, இருந்தாலும் அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மாவு ஆட்டும்போதெல்லாம் நான் முணுமுணுப்பது அதுதான். நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நான் இழுக்கிற இடத்தில் இழுத்து, அவர் அச்சு அசலாக அப்படியே சொல்லிக்கொண்டு போனார்.

எதிரே போர்டில் பெரிதாக ஒரு 'ப' இருந்தது. அதன் கீழே 'ட', 'ம'. மேலிருந்து கீழ்வரை அத்தனையும் தமிழ் எழுத்து.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணா, இது தமிழ் போர்டுண்ணா" என்றாள்.

அவர் நிறுத்தினார். அட்டையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, பரீட்சையில் பாதியில் மாட்டிக்கொண்டவர் போல, "எந்த வரில தப்பு?" என்று கேட்டார்.

நான் பக்கத்தில் போய் அவர் சட்டைப் பையில் கையை விட்டு வண்டிச் சாவியை எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுப்பார் என்று நினைத்தேன். அவர் தடுக்கவில்லை.